உட்கார முடியாத ராஜா

ரவிக்கைக்கு டாட் (வளைவு வருவதற்காகத் துணியை மடித்துத் தைக்கிற பிடிப்பு) எங்கே பிடிப்பது, சுடிதார் அக்குளில் ஏன் இழுக்கிறது என்றுதான் இந்தப் பகுதிக்கு வழக்கமாகக் கேள்விகள் வரும். மூன்று மாதம் முன்பு, என் வீட்டுக்காரரின் போர்டு கடையில் மிஞ்சுகிற பிவிசி ஷீட்டில் பள்ளி நாடகங்களுக்குக் கவசம் செய்து கொடுப்பதுண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். இப்போது வருகிற தபாலில் பாதி கவசம். சென்னையில் 2024 பிப்ரவரியில் முதன்முதலாகக் காமிக் கான் என்கிற காமிக்ஸ் ரசிகர்களின் திருவிழா நடந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு இந்த ஆசை கூடியிருக்கிறது போல. சரி, இந்த மாதம் முழுக்கக் கவசத்துக்கே ஒதுக்கிவிட்டேன். ரவிக்கைக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

*

விண்வெளிப் போர்வீரன் வேடத்துக்காக 2 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட்டில் வெள்ளைக் கவசம் செய்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்றால் பிரமாதம். உட்கார்ந்தால் மார்புத்துண்டு தாடையில் இடிக்கிறது. மாடிப்படி ஏறவே முடியவில்லை. உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டினால் சரியாகுமா?
– கல்லூரி மாணவர், கோவை

ஆகாது தம்பி. ஏற்கெனவே இடம் பத்தாமல்தான் இடிக்கிறது. அதற்குள் ஸ்பாஞ்சையும் திணித்தால் இருக்கிற இடமும் போய்விடும். வெட்டத்தான் வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு கல்லூரி நாடகத்துக்கு ராஜா கவசம் கேட்டார்கள். நான் சட்டை தைக்கிறவள், சட்டை நீளத்துக்கே அளவெடுத்தேன். இடுப்புக்குக் கீழே ஆறு இஞ்ச் இறக்கி, தங்க நிற ஸ்ப்ரே அடித்து, பார்க்க ஜோராக இருந்தது. பெயிண்ட் காயவில்லை என்று ஒத்திகைக்குக் கொடுக்கவில்லை. நாடகத்தன்று அந்தப் பையன் கம்பீரமாக நடந்து வந்து அரியணையில் உட்கார்ந்தான். கவசத்தின் கீழ் விளிம்பு தொடையில் முட்டி, மொத்தமும் அப்படியே மேலே ஏறி அவன் வாயை மூடிவிட்டது. "யாரங்கே" என்றது பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. சட்டென்று எழுந்துவிட்டான். அதற்கப்புறம் தர்பார் முழுக்க ராஜா நின்றுகொண்டேதான் நீதி வழங்கினார். மந்திரியாக நடித்தவன், "மன்னா, அரியணையில் மூட்டைப்பூச்சியா?" என்று சொந்தமாக ஒரு வசனம் போட்டான். அரங்கம் சிரித்தது, நான் திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் நிஜக் கவசங்களின் படங்களைத் தேடிப் பார்த்தேன். ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் செய்த இரும்புக் கவசங்களில், மார்புத் தகடு இடுப்பு மடிப்பிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே, ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குகிற பட்டைப் பட்டையான தகடுகள். ஒரு முழுக் கவசம் 15 முதல் 25 கிலோ இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு குதிரையேறிச் சண்டை போட்டிருக்கிறார்கள். உங்கள் பிளாஸ்டிக் மூன்று நான்கு கிலோ இருந்தால் அதிகம். அதனால் எடையைக் குறை சொல்ல வழியில்லை, வெட்டுதான் தப்பு.

உங்கள் இடுப்பு மடிப்பு எது என்று கண்டுபிடியுங்கள். கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயுங்கள். தோல் மடிகிற கோடு, பெரும்பாலும் தொப்புளுக்கு ஓர் இஞ்ச் மேலே இருக்கும். பேன்ட் போடுகிற இடம் இல்லை, அதற்கு மேலே. மார்புத்துண்டு அங்கே முடிய வேண்டும். வயிற்றுக்குத் தனித் துண்டு. மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் ஒன்றரை இஞ்ச் ஏறி நிற்கட்டும். இரண்டையும் உள்பக்கம் இரண்டு இஞ்ச் அகல எலாஸ்டிக்கால் இணையுங்கள். உட்காரும்போது வயிற்றுத் துண்டு மார்புத்துண்டுக்குள் நுழைந்துகொள்ளும், எழுந்தால் இறங்கிவிடும்.

வெட்டும்போது ஒரேயடியாக வெட்டாதீர்கள். பேப்பர் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போட்டு, கால் இஞ்ச், போட்டுப் பாருங்கள், மறுபடி கால் இஞ்ச். ஏபிஎஸ் ஷீட்டை அறுக்கவே வேண்டாம். கட்டர் பிளேடால் நாலைந்து முறை ஆழமாகக் கீறிவிட்டு முன்னும் பின்னும் வளைத்தால் கீறல் வழியே பட்டென்று விட்டுவிடும். விளிம்பை 220 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள், விரலை ஓட்டிப் பார்த்தால் சுரண்டக் கூடாது. துணியில் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். இதில் ஒரு சௌகரியம், வெட்டிய துணுக்குகளை அசிட்டோனில் ஒரு ராத்திரி ஊறப் போட்டால் கூழாகிவிடும். தப்பான இடத்தில் அதைப் பூசி, காயவைத்து, தேய்த்துக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது.

மாடிப்படிக்கு வருவோம். நீங்கள் தொடையை நின்றபடி அளந்திருப்பீர்கள். உட்காரும்போது தொடை பரவும். ஸ்டூலில் உட்கார்ந்து இஞ்ச் டேப்பைச் சுற்றுங்கள், நின்ற அளவைவிட நிச்சயம் கூடுதலாக வரும். அந்தப் பெரிய அளவுதான் கணக்கு. மேல் விளிம்பை நேராக விடாமல், கவட்டுப் பக்கம் தாழ்த்தி, வெளிப்பக்கம் உயர்த்தி, சாய்வாக வெட்டுங்கள். கீழே, முழங்காலுக்குப் பின்புறம் பிறை மாதிரி குடைந்து எடுங்கள். கால் மடக்கினால் தொடைத்துண்டுக்கும் கீழ்க்கால் துண்டுக்கும் நடுவே நாலு விரல் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் சதையைக் கவ்வும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்கு அந்த அனுபவமும் உண்டு.

தொடைத்துண்டு சறுக்காமல் இருக்க அதை இறுக்காதீர்கள். உள்ளே, கவசத்துக்கு அடியில், ஸ்கூல் பை வார் மாதிரியான நைலான் வாரில் ஒரு பெல்ட் போட்டு, அதிலிருந்து எலாஸ்டிக் நாடாவில் தொங்க விடுங்கள். முனைகளில் டிச் பட்டன். பட்டனைப் பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டு அடித்தால் வெளியே தெரியும். சின்ன வார்த் துண்டில் பட்டனை அடித்து, அந்தத் துண்டை உள்பக்கம் ஒட்டுங்கள். செருப்பு தைப்பவர்கள் பயன்படுத்துகிற ரப்பர் பசை தோது. இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்தி, ஒரு நாள் தொடாமல் வையுங்கள். இரண்டு சொட்டில் ஒட்டுகிற உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். அது கண்ணாடி மாதிரி இறுகும், வளைந்தால் தெறித்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் கண்ணாடி முன்னால் நிற்காதீர்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளை நான் கவசத்தோடு தெருமுனை வரை அனுப்பி, ஆட்டோவில் ஏறி இறங்கச் சொல்வேன். குனிந்து, காலை மடக்கி, உள்ளே நகர்ந்து உட்கார வேண்டும். எங்கெல்லாம் இடிக்கிறதோ எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். டிரைவர்களும் சிரித்துக்கொண்டே ஒத்துழைப்பார்கள்.

*

என் பையன் நான்காம் வகுப்பு. ஆண்டுவிழாவில் கர்ணன் வேடம். ஃபோம் பிவிசி ஷீட்டில் கவசம் செய்தோம். அரைமணி நேரம் போட்டதற்கே அக்குள் இரண்டும் சிவந்துவிட்டன. பவுடர் போட்டால் போதுமா?
– ஓர் அம்மா, சேலம்

கர்ணனுக்குக் கவசம் உடம்போடு பிறந்தது, ஃபிட்டிங் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள்தான் பார்க்க வேண்டும். பவுடர் வேண்டாம்மா, வியர்வையில் குழைந்து இன்னும் அறுக்கும்.

கைக்கு வட்டமாக ஓட்டை போட்டிருப்பீர்கள். ரவிக்கையை எடுத்துப் பாருங்கள், முன்பக்கக் கைவளைவு பின்பக்கத்தைவிட ஆழமாகக் குடைந்திருக்கும். ஏனென்றால் நம் கை பெரும்பாலும் முன்னால்தான் வேலை செய்கிறது. கவசத்திலும் அதுவே. பையனைக் கவசம் போட்டு நிறுத்தி, வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். கை தட்டச் சொல்லுங்கள். புஜம் எங்கே முட்டுகிறதோ அங்கே ஸ்கெட்ச் பேனாவால் குறியுங்கள். பிறகு வில்லை இழுக்கிற மாதிரி நிற்கச் சொல்லி மறுபடி குறியுங்கள். கர்ணன் ஆயிற்றே, வில் இழுக்காமல் முடியுமா? குறித்த இடத்துக்கு உள்ளே அரை இஞ்ச் தள்ளிக் குடைந்துவிடுங்கள். கீழே உட்கார்ந்து மேடையைப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அறுத்த விளிம்பு கத்திதான். கார் கதவு ஓரத்தில் வருகிற ரப்பர் பீடிங் மீட்டர் கணக்கில் கிடைக்கும், விளிம்பில் அப்படியே செருகிவிடலாம். கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து மடித்து ஒட்டுங்கள். உள்ளே கை வைத்த பருத்தி பனியன் போடுங்கள், கையில்லாதது வேண்டாம்.

இன்னொன்று. அளவைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். ஆண்டுவிழாவில் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு டிபன் கொடுத்து எட்டு மணிக்கு மேடை ஏற்றுவார்கள். மூச்சை நன்றாக இழுத்தபோதும் பக்கத்தில் இரண்டு விரல் போக வேண்டும். முன், பின் என்று இரண்டே துண்டாகச் செய்து, பக்கவாட்டில் எலாஸ்டிக் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

*

உண்மையான கவசத்தில் பக்கவாட்டை எப்படி மூடினார்கள்? எலாஸ்டிக் அன்றைக்கு ஏது?
– வாசகர், பாளையங்கோட்டை

நல்ல கேள்வி ஐயா. ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பாரசீகத்திலும் முகலாயர் கால இந்தியாவிலும் "சார் ஆயினா" என்று ஒரு கவசம் இருந்தது. நான்கு கண்ணாடிகள் என்று பொருள். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, விலாவுக்கு இரண்டு, ஆக நான்கு தகடுகள். விலாத் தகடுகள் இரண்டும் குட்டை. அவற்றின் மேல் விளிம்பு, கை இறங்குவதற்காகக் கிண்ணம் போலக் குடையப்பட்டிருக்கும். வாரும் பக்கிளும், அல்லது கீல், நான்கையும் சேர்க்கும். அடியில் சங்கிலிச் சட்டையோ பஞ்சு வைத்துத் தைத்த அங்கியோ போட்டிருப்பார்கள். அந்தக் குடைவைப் படத்தில் பார்த்தபோது, இதை வெட்டினவன் நிச்சயம் ஒரு தையல்காரனுடன் சிநேகமாக இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு பாளையக்காரர் நாடகத்துக்கு இதே அமைப்பில் நாலு துண்டாகச் செய்தேன். ஒரே கவசத்தை ஒல்லிப் பையனும் போட்டான், அவன் வராத நாளில் தொப்பை வைத்த ஆசிரியரும் போட்டார். வாரை இரண்டு ஓட்டை தள்ளி மாட்டியதோடு சரி.

*

3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக் போட்டு இரண்டு தோள்கவசம் எடுத்தேன். கையைத் தூக்கினால் காதில் இடிக்கிறது, இறக்கினால் முதுகுப் பக்கம் வழுக்கிவிடுகிறது. போதாக்குறைக்குக் காரில் வைத்துவிட்டுப் போனேன், ஒன்று கோணிவிட்டது.
– வாசகர், கிள்ளான், மலேசியா

கோணியதற்கு வெயில்தான் காரணம். பிஎல்ஏ 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகிவிடும். வெயிலில் மூடி நிறுத்திய காரில், டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பெட்ஜி என்கிற இன்னொரு பிரிண்டர் பிளாஸ்டிக் பரவாயில்லை, 80 டிகிரி வரை தாங்கும். கோணினதை எறியாதீர்கள். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் வைத்து, கையுறை போட்டுக்கொண்டு முக்கி, தோளில் ஒரு தடித்த துண்டைப் போட்டு அதன்மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஆறினதும் உங்கள் தோள் வளைவுக்கே வந்துவிடும். விபத்திலும் ஒரு லாபம்.

காதில் இடிப்பது, தோள்கவசத்தை மார்புத்துண்டோடு இறுக்கிப் பிணைத்ததால். கை தூக்கும்போது தோள் எலும்பு மேலே போகும், கழுத்துப் பக்கம் நகரும். கவசமும் கூடவே நகர வேண்டும், ஆனால் சற்று மெதுவாக. ஊஞ்சல் மாதிரி தொங்க விடுங்கள். கழுத்தோரம் ஒரே ஒரு வாரில், ஓர் இஞ்ச் ஆட்டம் கொடுத்து மாட்டுங்கள். கீழே புஜத்தைச் சுற்றி ஓர் எலாஸ்டிக். அவ்வளவுதான், வேறெங்கும் கட்டாதீர்கள். பழைய ஐரோப்பியக் கவசக்காரர்கள், பஞ்சு வைத்த உள்சட்டையில் நாடாக்களைத் தைத்து, கைத் துண்டுகளை அந்த நாடாவில்தான் கட்டித் தொங்கவிட்டார்கள். நீங்களும் பழைய டீ-சர்ட் ஒன்றில் தோள் தையலோரம் நாடா தைத்துக்கொள்ளலாம். வழுக்குவது தானாக நிற்கும்.

கழுத்துப் பக்க விளிம்பில் அரை இஞ்ச் எடுத்துவிடுங்கள். காது பிழைக்கும்.

*

பெண் வீராங்கனை வேடம். இணையத்தில் பார்க்கிற மாதிரி மார்பகங்களுக்குத் தனித்தனியாகக் குழி வைத்து பிவிசியில் வளைத்தேன். நடுவில் இருக்கிற மேடு நெஞ்செலும்பில் குத்துகிறது.
– கல்லூரி மாணவி, மதுரை

குத்தத்தான் செய்யும். தடுக்கி முன்னால் விழுந்தாயானால், அந்த மேடுதான் முதலில் நெஞ்சில் இறங்கும். யோசித்துப் பார், அடி வாங்கினால் பக்கவாட்டில் நழுவ வேண்டிய கவசத்துக்கு நடுவில் பள்ளம் எதற்கு? வரைகிறவர்கள் வரைந்துவிட்டார்கள், போட்டுக்கொண்டு ஓட வேண்டியது நீ.

ஒரே வளைவாகச் செய், பெண்ணே. தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி, நடுவில் உடம்பை விட்டு விலகி, இடுப்பில் ஒட்டி. பக்கவாட்டில் அக்குளுக்குக் கீழே ஒரு கீறல் கீறி, இரண்டு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் வளைவு தானாக எழும்பும். ரவிக்கையில் டாட் பிடிக்கிறோமே, அதே கணக்கு. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரிய, உனக்குச் சரியாக இருக்கிற ரவிக்கையின் டாட்டைப் பிரித்து அளந்துகொள். அன்றைக்குப் போடப்போகிற அதே பிராவைப் போட்டுக்கொண்டுதான் அளவெடுக்க வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஹீட் கன்னில் வளைக்கும்போது ஒரே இடத்தில் நிறுத்தாதே. பிவிசி 80 டிகிரியிலேயே இளகும். அதற்கு மேல் கருகவிட்டால் வருகிற புகையில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி இருக்கும், மூக்கும் தொண்டையும் எரியும். மொட்டைமாடியில் செய்.

அப்புறம், இடுப்புத்துண்டை உதவி இல்லாமல் நீயே ஒரு கையால் கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள். பாத்ரூமுக்குத் தோழி கூட வர முடியாது.

*

ஹெல்மெட்டுக்குள் மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்குகிறது, தலை சூடாகிறது. என்ன செய்ய?
– வாசகர், தூத்துக்குடி

கண்ணாடியின் உள்பக்கம் பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு தடவி, மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள், கழுவ வேண்டாம். கம்ப்யூட்டரில் வருகிற 40 மி.மீ. குட்டி ஃபேன், 5 வோல்ட்டில் ஓடுவதாக வாங்கி, பவர் பேங்கில் இணையுங்கள். காற்று கண்ணாடிமேல் படுகிற மாதிரி வையுங்கள். சத்தம் கொஞ்சம் வரும். எப்படியானாலும் உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீர் குடியுங்கள். கூட ஓர் ஆள் இருக்கட்டும், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து படிக்கட்டு தெரியாது.

*

வளர்ந்த பிள்ளைகள் பிளாஸ்டிக்கை மாட்டிக்கொண்டு திரிவதற்கு நீங்கள் வேறு யோசனை சொல்லிக்கொடுக்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

மன்னிக்கவும் ஐயா. நம் ஊர்க் கூத்தில் கட்டைக்கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். கட்டு இறுகினால் கை மரத்துப்போகும், தளர்ந்தால் கழன்று விழும். அவர்களில் ஒருவர்தான் எனக்கு ஒரு நுணுக்கம் சொன்னார்: கயிறு நேராகத் தோலில் படக் கூடாது, அடியில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வைத்துக் கட்டு. அதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

நீல நிறத் தண்ணீர் டிரம்மை வெட்டிக் கவசம் செய்யலாமா? பசை எதுவும் ஒட்ட மாட்டேன் என்கிறது.
– வாசகர், ஓசூர்

செய்யலாம். வெளிநாட்டில் பழங்காலச் சண்டையை விளையாட்டாக நடத்துகிறவர்கள் இந்த டிரம்மைத்தான் விரும்பி வெட்டுகிறார்கள், அடி தாங்கும். அது ஹெச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக். அதில் பசையும் நிற்காது, பெயிண்டும் உரிந்துவிடும். ரிவெட் அல்லது வாஷர் போட்ட போல்ட்தான் வழி. போல்ட்டின் நட்டு வெளிப்பக்கம் இருக்கட்டும், வழவழப்பான தலை உடம்புப் பக்கம். டிரம்முக்கு ஏற்கெனவே ஒரு வளைவு இருப்பதால் மார்புக்கும் தொடைக்கும் அதிகம் சூடு காட்ட வேண்டியிருக்காது.

வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். கெமிக்கல் என்றால் தொடவே தொடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை மலிவாகக் கிடைத்தது என்று ஊறுகாய் டிரம் ஒன்றைத் தூக்கி வந்தார். எட்டுத் தடவை கழுவினேன். அந்தக் கவசத்தைப் போட்ட வீரபாகு மேடை ஏறிய போதெல்லாம் முதல் இரண்டு வரிசைக்கும் எலுமிச்சை ஊறுகாய் வாசனை போயிற்று.